எடைத்தட்டு

மணி மூன்று பத்து.
லைப்ஸிக் விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில்
பெல்ட் எதிலோ மாட்டிக்கொண்டு நின்ற நேரம்
யெட்டே
பார்சல் எடைபோடும் தட்டில் ஏறினாள்.

எண்பத்தொன்று, நானூறு.
"எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?" என்றான் மைக்.
சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்,
அடுத்த பெல்ட்டிலிருந்து.
செப்டம்பரில் எழுபத்திரண்டு.

பத்தொன்பது வயது.
பகலில் பல் மருத்துவ உதவியாளர் படிப்பு,
இரவில் ஸ்கேனர்.
நடுவே, திரைச்சீலையைத் துணிக் கிளிப்பால் இறுக்கி,
நாலு மணி நேரம்.
அதிலும் மேல்வீட்டுக்காரன் சுவரில் துளை போடுவான்.

வாயைக் கட்டு என்பாள் அம்மா, போனில்.
கட்டினாள். பகலெல்லாம் கட்டினாள்.
மூன்று மணிக்கு ஒரு பசி வரும்,
வயிற்றிலிருந்து இல்லை,
கண்ணுக்குப் பின்னாலிருந்து.
அதற்கு ரொட்டி ஆகாது, சூப் ஆகாது.
இனிப்பு வேண்டும், உப்பு வேண்டும், இப்போதே வேண்டும்.
பெட்டிக்குள் கம்பிச்சுருள் சுழன்று
சாக்லேட் பொத்தென்று விழும் சத்தம்
அவள் பெயரைச் சொல்வதுபோலவே இருக்குமாம்.

தூக்கம்தான் அது.
அனுமதி இல்லாத கூடத்துக்குள்
பசியின் சட்டையை மாட்டிக்கொண்டு
வந்து நின்றது.

பிப்ரவரியில் உறைமழை.
ஓடுபாதையை மூடினார்கள், பள்ளியையும்.
துளை போடுகிறவன்கூட எங்கோ சிக்கிக்கொண்டான்.
காலுறையைக் கழற்றாமல் படுத்தாள்.
பதினாலு மணி நேரம்.
ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு
மறுபடி இறங்கினாள்,
கயிறு அறுந்த வாளி கிணற்றுக்குள் போவதுபோல.

விழித்தபோது அந்தியா விடியலா தெரியவில்லை.
கறுப்பு ரொட்டி ஒரு துண்டு, வெண்ணெய், முள்ளங்கி.
பாதியில் கை நின்றது.
மீதியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.
போதும் என்ற சொல்
யாரும் அதட்டாமல்
உள்ளேயிருந்து வந்து எத்தனை மாதம்!
கொஞ்சம் அழுததாகவும் சொன்னாள்.

வியாழன் இரவு ஓடுபாதை திறந்தது.
மூன்று பத்து. ஏறினாள்.
எண்பத்தொன்று, நானூற்றைம்பது.
மைக் உதட்டைப் பிதுக்கினான்.

அவள் இறங்கி
ஷிப்ட் பட்டியல் ஒட்டிய சுவருக்குப் போனாள்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
வாரத்தில் இரண்டு இரவுகளில்
தன் பெயரை அடித்தாள், காகிதம் கிழியும் அளவுக்கு.

வாடகைக் கணக்கை இன்னும் போடவில்லை.
எங்கள் முதுகுக்குப் பின்னால்
யாருக்கோ ஒரு சாக்லேட்
பொத்தென்று விழுந்தது.