ஆனி பதினாறில் நனைக்கவும்

கடையநல்லூரிலிருந்து மைதீன் பிச்சை
பதிவுத் தபாலில் மீன் அனுப்புகிறார்.
உறைக்குள் தண்ணீர் கிடையாது.
பீடித் தூள் மாதிரி
ஈரம் பிழிந்த தென்னைநார்த் துகள் ஒரு பிடி.
அதற்குள் எங்கோ அறுபது முட்டைகள்.
மேலே நீல மையில்:
'ஆனி 16இல் நனைக்கவும்.
அதுக்கு முன்ன பிரிச்சுப் பாக்காதேயும்.'

பிரித்துப் பார்த்தேன்.
மகளின் பள்ளிக்கூட லென்சுக்கு அடியில்
கசகசா அளவில் ஒரு கண்ணாடி உருண்டை.
உள்ளே சுருண்ட நூல். இரண்டு கறுப்புப் புள்ளி.
அவை என்னைப் பார்த்தன என்று சொல்லமாட்டேன்.
லென்ஸை இறக்கி வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு அணை மட்டம் எழுதுகிற வேலை.
காலை எட்டுக்குப் பாபநாசம் எண் வரும்,
பின்னாலேயே சேர்வலாறு, மணிமுத்தாறு.
நாற்பத்தொன்று புள்ளி மூன்று பூஜ்யம் என்று
பேரேட்டில் மை காயும் முன்
போன் அடிக்கும்.
"காருக்கு எப்பம்வே தண்ணி தொறப்பிய?"
அதை மேலே உள்ளவர்கள் சொல்ல வேண்டும்,
அவர்களுக்கு மழை சொல்ல வேண்டும்.
மழை மலைக்கு அந்தப் பக்கம்
செருப்பைக் கழற்றாமல் நிற்கிறது.

"பாளையங்கால்வாயில துண்டை விரிச்சா
முண்டக்கண்ணி நூறு ஏறும்,
இதுக்குப் போயி எழுநூறு ரூவாயா?"
தங்கபுஷ்பம் கேட்டது நியாயம்தான்.
தலையில் வெள்ளிப் பொட்டு வைத்துக்கொண்டு
நீர்த்தோலுக்கு அடியிலேயே அலையும் முண்டக்கண்ணி
இவற்றுக்குப் பங்காளி முறை.
அதற்கு வருஷம் முழுக்க வாய்க்கால் உண்டு, அவசரமில்லை.
இவை ஆப்பிரிக்காவில் ஒரு குண்டுக்குள்
மழை தேங்கி வற்றுவதற்குள்
பிறந்து, நிறம் பூசி, சண்டை போட்டு,
சேற்றோடு சேறாக அணைந்து முட்டையிட்டு
முடித்தாக வேண்டும்.
பிறகு வெயில்.
பிறகு வெடித்த மண்ணில் மாடு நடக்கும்.

ஆனி பதினாறு ராத்திரி
மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை
ஃபிரிட்ஜில் குளிரவைத்து ஊற்றினேன்.
விடிந்தபோது பதினொன்று.
உதிர்ந்த இமைமுடிகள் நீந்துவது போல.
மிச்சம் நாற்பத்தொன்பதும்
கண் திறந்தபடி அடியில் உருண்டு கிடந்தன.

"தூர ஊத்திராதேயும்" என்றார் பிச்சை.
"வடிச்சு, ஒணத்தி, திரும்பக் கட்டி வையும்.
அதுக இன்னும் நம்பல."
"எதை?"
"மழையத்தாம்வே. மொத மழை பொய்யா இருந்துச்சுன்னா?
எல்லாம் பொரிஞ்சா எல்லாம் சாவும்லா."

அந்த வாரம் ஒரு சாரல் விழுந்தது,
மட்டம் இரண்டு அடி ஏறியது.
சுத்தமல்லியிலிருந்து ஒரு பெண் குரல்:
"பாதி வெதைய நாத்துக்குப் பாவிட்டேன்.
பாதி குலுக்கையில கெடக்கு. போடலாமா சார்?"
இன்றைய மட்டம் நாற்பத்து மூன்று என்றேன்.
"அது எனக்கும் தெரியும்" என்று
வைத்துவிட்டாள்.

பதினொன்றில் ஒன்று மூடிச் சந்து வழியே குதித்து
மாடிப்படிக்குக் கீழே காய்ந்து கிடந்தது.
தங்கபுஷ்பம் துடைப்பத்தை நிறுத்தி
விரலால் எடுத்தாள். எதுவும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து கல் உப்பும் இறால் முட்டையும் போட்டு
பாட்டிலைக் கவிழ்த்து விளக்கடியில் வைப்பது
அவள் வேலையாகிவிட்டது.
ஐந்தாம் வாரம் ஒரு ஆணுக்கு
வாலில் குங்குமம் ஏறியது.
அதற்குள் பாதி ஆயுள் அதற்கு.

இரண்டாம் முறை நனைத்தோம். இருபத்தெட்டு வந்தன.
இருபத்தொன்று இன்னும் வரவில்லை,
வடித்தேன், உணத்தினேன்.
பீரோவில் பத்திரத்துக்கும் நகைச் சீட்டுக்கும் நடுவே
உறையை வைக்கப் போகும்போது
"இங்க தாங்க" என்று வாங்கினாள்.
பால் கணக்கு எழுதும் பென்சிலால்,
என் தேதியை அடித்துவிட்டு:
'பிசானத்துக்குப் பாப்போம்.'