சா.பொ. 3

கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரணை.
பெயர் வேண்டாம் என்றார் நீதிபதி.
அ.சா. இரண்டு என்று அடித்தேன்.

தாராபுரத்திலிருந்து காங்கயம் பஸ்.
பக்கத்தில் மயிலாத்தாள்,
மடியில் முருங்கைக்கட்டு:
"ஏனம்மிணி, அந்த மில்லுக்காரப் புள்ள
காசுக்குத்தானே கேசு போட்டுச்சு?
டைப்படிக்கிற உனக்குத் தெரியாததா?"

தெரியும்.
அரக்கு முத்திரைக்குள் கிடக்கின்றன
சட்டைப் பித்தான்கள் நான்கு,
பிய்ந்த நூலோடு.
"இல்லீங்க" என்று ஒரு சொல் சொன்னாலும்
உறை பிரிந்த மாதிரிதான்.

டிக்கெட்டை மடித்தேன். இன்னும் மடித்தேன்.
"வெயிலு கொளுத்துதுங்க" என்றேன்.

ஊதியூரில் இறங்க எழுந்தாள்
பின்சீட்டிலிருந்து
துப்பட்டாவால் முகம் மூடிய ஒருத்தி.
கம்பியைப் பிடித்த கையில்
காலையில் சாட்சிக்கூண்டில் பார்த்த
அதே பச்சை வளையல்.

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்,
நான் சொல்லாததையும்.