இடது கட்டைவிரல்

மாதத்தில் பன்னிரண்டு நாள் பாசி.
அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு.
மிச்ச நாளெல்லாம்
குற்றவியல், தடய அறிவியல், பொது அறிவு,
நகலெடுத்த புத்தகம், அட்டை கிடையாது.
கச்சான் அடிக்கிற மாசம்.
பக்கம் பறக்காமலிருக்க
பழைய வலையில் கழற்றிய ஈயக்குண்டு.

கேள்வித்தாளைப் பாகம்பிரியாள் பிடித்துக்கொள்வாள்.
என் புருஷனின் தங்கச்சி.
ஏழாம் வகுப்போடு கடலில் இறங்கியவள்.
விடை தெரியாமலே திருத்துவாள்,
என் மூஞ்சியைப் பார்த்து:
"மதினி, இது அடிச்சுவிட்டது."

ரேகை மூன்று வகை. கண்ணி, சுழி, வில்.
நூற்றுக்கு அறுபத்தைந்து கண்ணி, முப்பது சுழி,
ஐந்தே ஐந்து வில்.
"கண்ணின்னா வலைக் கண்ணியா?"
"போயி வளைஞ்சு, வந்த பக்கமே திரும்பும்."
"அப்ப நம்ம வள்ளம்னு சொல்லு."

தேர்வுக்கு அது போதாது.
ரேகை முடியும் இடம், கிளைக்கும் இடம்,
ரெண்டு ரேகைக்கு நடுவே
எதோடும் சேராமல் நிற்கிற துணுக்கு.
அதற்குப் புத்தகம் வைத்த பெயர் தீவு.

அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

எட்டு வருசம் முன்னே
குருசடைத் தீவுக்குப் பக்கத்தில்
முட்டளவுத் தண்ணியில் எங்களைப் பிடித்தார்கள்.
பதினொரு பொம்பளைகள், ஒரு வள்ளம்,
காலில் கட்டிய தகரத் தட்டு,
நனைந்த சாக்கில் மரிக்கொழுந்துப் பாசி.
எடை எழுதினார்கள், பெயர் எழுதினார்கள்,
அபராதம் எழுதினார்கள்.
என் முறை வந்தது.
பேனா வரவில்லை. மைப்பெட்டி வந்தது.
வேதியியல் பட்டம் முடித்து நாலு மாசம் எனக்கு.
சொல்லியிருக்கலாம்.
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து
இடது கட்டைவிரலை வைத்தேன்.

பாடம் இப்போது சொல்கிறது:
நகத்தின் இந்த ஓரமிருந்து அந்த ஓரம் வரை
உருட்ட வேண்டும். அழுத்தக் கூடாது.
வனக்காவலர் அழுத்தினார்,
என் விரல் மேல் தன் விரலை வைத்து.
அந்தத் தாளைப் பொடி தூவித் தேடினால்
அவருடையதும் கிடைக்கலாம்.

மேல்தோல் தேய்ந்தாலும்
அடித்தோலிலிருந்து அதே ரேகை வளரும்.
இரண்டு மதிப்பெண்.
பாகம்பிரியாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
ரேஷன் கடை மெஷின்
மூணு மாசமாய் அவளை ஒத்துக்கொள்ளவில்லை.
"அடியில இருக்குன்னா மெஷினுக்கு ஏன் தெரியல?"
எந்த வருசத் தாளிலும் இந்தக் கேள்வி இல்லை.

பயிற்சிக்கு ஆள் வேண்டும். அவளே உட்கார்ந்தாள்.
ஸ்டாம்பு பேடு, உடைந்த கண்ணாடித் துண்டு,
படகுச் சங்க நோட்டீஸின் வெற்றுப் பின்பக்கம்.
ஒன்பது விரலில் பாறை கிழித்த கோடுகள்,
யாரோ கணக்கெழுதி அடித்துப் போட்ட மாதிரி.
பத்தாவது, வலது சுண்டுவிரல், துணி சுற்றாதது:
சுத்தமான வில்.
"என்ன மதினி சிரிக்கிற?"
சொன்னேன்.
மை துடைக்காமல்
அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு
உலை பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடுகிறது.
பாம்பன் கணினிக் கடைப் பையன் கேட்டுக் கேட்டு அடித்தான்.
பெயர். பிறந்த தேதி. மதிப்பெண்.
பதினேழாவது கட்டம்:
உம் மீது குற்ற வழக்கு ஏதும் பதியப்பட்டதுண்டா?
அவன் பாட்டுக்கு 'இல்லை'க்குப் போனான்.
எல்லாருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.
"நில்லு தம்பி."
அபராதம் கட்டியது வழக்கா?
குற்றம், விதிமீறல், வேறுபடுத்துக:
ஐந்து மதிப்பெண், மனப்பாடம்.
என் பெயரைப் போட்டு எழுதிப் பார்த்தால்
முடிய மாட்டேன் என்கிறது.
"அக்கா, பின்னால ஆள் நிக்குது."

சேமித்துவிட்டு எழுந்தேன்.

நாளை அமாவாசை. விடியுமுன் வள்ளம்.
விரலுக்குத் துணி கிழித்தாயிற்று.
ராத்திரியே தகரப் பெட்டியில்
அந்த ரசீதைத் தேட வேண்டும்.
மை மங்கியிருக்கும்.
வழக்கு எண் என்று அதில் ஒரு வரி
இருக்கிறதா, பார்க்க வேண்டும்.