வேண்டாமுங்க

நான் முதுகுளத்தூர்ப் பக்கம்.
பல்லடம் வந்து பதினோரு வருஷம் ஆகியும்
இந்த ஊர்ப் பேச்சு காதில் தங்கியதே தவிர
நாக்கில் ஒட்டவில்லை.
ஏனுங்க, வாரனுங்க, போறனுங்க.
சண்டையில்கூடக் கை கட்டி நிற்கிற மாதிரி
சொல்லின் வாலில் அந்த ‘ங்க’.
எனக்கு அது பிடித்திருந்தது,
தமயந்தி வரும்வரை.

ஆடிக் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்த ராத்திரி
மகளிர் போலீஸ் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள்.
ஒரு காலில் மட்டும் செருப்பு.
மில் ஹாஸ்டல் அட்டை
கழுத்தில் இன்னும் தொங்கியது.
கழற்றிவிடு என்றேன்.
‘கழட்டலாமுங்களா?’

எங்கள் வீடு விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால்.
தறி ஓடுகிற வரைக்கும் தூங்குவாள்.
கரண்ட் போய்த் தெரு அமைதியானால்
எழுந்து சுவரோடு உட்கார்ந்துவிடுவாள்.
மில்லில் சத்தம் நிற்கிற நேரம்தான்
அந்த ஆள் வருகிற நேரம்.

மனு எழுதியது நான்.
முதல் தடவை என்ன சொன்னே?
‘வேண்டாமுங்கன்னனுங்க.’
அப்புறம்?
‘உட்டுருங்கன்னனுங்க.’
அப்புறம்?
‘அப்பறமும் அதேதானுங்க.
சூப்பர்வைசருங்க, அவரைப் போயி
எப்படிங்க மொட்டையாப் பேசறது.’

திருப்பூர்க் கோர்ட்டில்
எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.
இத்தனை மரியாதையாகச் சொல்லியிருக்கிறாயே அம்மா,
பயந்தவள் பேசுகிற பேச்சா இது?
அவள் வெகுநேரம் யோசித்தாள்.
‘ஆமாங்க.’
எதற்கு ஆமாம் என்று யாரும் கேட்கவில்லை.
வாய்தா போட்டார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது.
மூன்று வருஷம் முடித்தால் தருவதாகச் சொன்ன பணத்தில்
கால்வாசி வந்தது, நாலு தடவை போய் நின்றதில்.
ஒரு சின்னப் பூட்டு வாங்கினாள்.
பெட்டி பிறகுதான் வாங்கினாள்.
பொங்கலூர் தாண்டி ஒரு கொப்பரைக் களத்தில் வேலை.
பொழுதோட வருவாள், தலைமுடியெல்லாம் எண்ணெய் வாசம்.
‘பருப்பு ரேட் எறங்கிருச்சுங்கக்கா’ என்பாள்,
தோப்பே தன்னுடையது மாதிரி.

தை மாசம்
பணம் தருகிறவர்கள் வந்தார்கள்,
கோயமுத்தூரிலிருந்து ரெண்டு கார்.
ஒரு வருஷ அரிசியும் சமையலறைக் கூரையும்
அவர்கள் கையில் இருந்தன.
யாராவது ஒரு பெண்ணைப் பேசச் சொல்லுங்களேன்.
தமயந்தியைக் கூப்பிட்டேன்.
அஞ்சு நிமிஷம், நடந்ததைச் சொல்லு,
அழுதாலும் பரவாயில்லை என்றேன்.
ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள்
தலையை நிமிர்த்தி,
‘மாட்டேன்.’

காத்திருந்தேன், அந்த வால் வந்துவிடும் என்று.
வரவில்லை.
தட்டைத் திருப்பி மறுபடி கல் தேடினாள்.

எனக்குச் சுருக்கென்றது.
சோறு போட்டவளிடமா இந்தப் பேச்சு என்று
ஒரு நிமிஷம், பொய் சொல்ல மாட்டேன்,
முழுசாக ஒரு நிமிஷம்
அந்த சூப்பர்வைசர் நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

பிறகு போய் வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன்.
இங்கே யாரும் பேச மாட்டாங்க என்றேன்.
ஒரு கார் அரிசி அனுப்பியது.
கூரை இன்னும் ஒழுகுகிறது.

நேற்று ஒரு புதுப் பெண்.
பதினாறு இருந்தால் அதிகம்.
படி ஏறலாமா கூடாதா என்று
வாசலிலேயே நின்றாள்.
களத்திலிருந்து அப்போதுதான் வந்த தமயந்தி
என்னைத் தாண்டிப் போய்,
‘உள்ள வாங்க’ என்றாள்.
‘சாப்புடுங்க. பசிக்கலீன்னா வேண்டாமுன்னு சொல்லுங்க.’

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்,
தனக்குப் பின்னால்
வேறு யாரோ நிற்கிறார்களோ என்று.