இரண்டாம் பால்

நள்ளிரவு தொடங்கிக் காலை ஆறுவரை
பீல் நகரத்து வெதுப்பகமொன்றில்
கிப்ஃபெலி சுருட்டுகிறேன்.
பிறை பிறையாய், தட்டுக்கு நாற்பத்தெட்டு.
முனை கருகியவை, வயிறு பிளந்தவை,
விலைக்கு ஆகாதவை எல்லாம்
காகிதப் பையில் எனக்கு.
பதினொரு வருடம்.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
நான் பார்க்கவில்லை.
மாசியில் என் இரத்தம் பார்த்தது:
எட்டுத் தசம் இரண்டு.

உணவு ஆலோசகர் ஃபிராவ் கெர்பர்
வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் கீறினார்.
பாதிக்கு மரக்கறி. காலுக்கு மீனோ பருப்போ.
மிச்சக் காலுக்குள்
உருளைக்கிழங்கு, பாஸ்தா, ரொட்டி.
"இதில் நீங்கள் சாப்பிடுவது எது?"
எதுவுமில்லை. புட்டு என்றேன்.
எழுத்துக் கூட்டி எழுதினார்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கையால் குழலைக் காட்டினேன்,
மேலே ஆவி எழும்புவதைக் காட்டினேன்.
ரயில் என்று நினைத்திருப்பார்.

இன்பமலர் அந்தத் தாளை மேசையில் விரித்து
உப்புப் போத்தலை மேலே வைத்தாள்.
எங்கள் தட்டில் சோறுதான் தரை,
கறிகள் அதில் குந்த வந்தவை.
இப்போது வந்தவர்களுக்குப்
பாதிக் காணியை எழுதிக் கொடு என்கிறது தாள்.
"குடுப்பம்" என்றாள்,
"நாங்களும் வந்த ஆக்கள்தானே."

தமிழ்க்கடையில் குரக்கன் மா ஒன்பது பிராங்க்.
இந்த ஊர் ரொக்கன் மா அதில் கால்வாசி,
கறுப்பு ஏறக்குறைய அதே கறுப்பு.
முதல் நாள் புட்டு
குழலை விட்டு இறங்க மாட்டேன் என்றது.
அடுத்த நாள் இறங்கிக் கல்லாய்க் கிடந்தது.
மூன்றாம் நாள் மாவை வறுத்து,
தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைத்து,
தேங்காய்ப்பூவில் பாதியை எடுத்துவிட்டு
கரட் துருவிப் போட்டாள்.
"செங்கல்லும் சீமெந்தும்" என்றான் மகன் அகரன்.
என்றாலும் இரண்டு துண்டு இறங்கியது.

சொதிக்கு முதற்பால் நின்றுபோனது.
இரண்டாம் பால் மட்டும்,
வெளிறி, சட்டியின் அடி தெரிய.
ஒரு பச்சைமிளகாய் கூட,
பாதித் தேசிக்காய் கூட.
அவை முதற்பாலின் இடத்தைப் பிடித்தன
என்று பொய் சொல்ல மாட்டேன்.
நாக்கில் வேறோர் இடம் சும்மா கிடந்தது,
அதைப் பிடித்தன.

பைதான் கஷ்டம்.
சீனியை மாற்றலாம், மாவை மாற்றலாம்,
இலவசத்தை எதைக் கொண்டு மாற்றுவது?
அடுப்படியில் நிற்கும்
எரித்திரிய நாட்டுத் தெஸ்ஃபாயிடம் நீட்டினேன்.
ஒரு கிழமை வாங்கினான்.
எட்டாம் நாள் வாங்கவில்லை.
தன் பெட்டியைத் திறந்து
நாலாய் மடித்த தாளொன்றைக் காட்டினான்.
அதே வட்டம். அதே கையெழுத்து.
எனக்குப் புட்டு இருந்த இடத்தில்
அவனுக்கு இஞ்செரா,
பக்கத்தில் அதே கேள்விக்குறி.

சிரித்தோம்.
சுவரைப் பிடித்துக்கொண்டு,
இரண்டு தட்டுப் பிறைகள் கருகும்வரை சிரித்தோம்.
அன்றைக்குப் பை மூன்று.

இப்போது ஆறு பத்துக்கு
பஸ் தரிப்பிடத்து வாங்கில்
இரண்டு டப்பா திறக்கும்.
அவனுடைய பருப்பில் பாதி எனக்கு,
என் கீரைச் சுண்டலில் பாதி அவனுக்கு.
கறுப்புப் புட்டை விரலால் உதிர்த்துப் பார்த்து
"இது மண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவான்.
தினமும் கேட்பான்.

வைகாசியில் ஏழு தசம் ஒன்று.
ஃபிராவ் கெர்பர் எழுந்து கைகொடுத்தார்.
தேத்தண்ணிக்கு இன்னும்
ஒன்றரைக் கரண்டி சீனி போகிறது.
அதை நான் சொல்லவில்லை.
கேட்டால்
கையால் ரயிலைக் காட்டுவேன்.