ஊறும் நேரம்

மூன்றாம் மாடிக் கூடத்தில் குளிரூட்டி
பதினெட்டில் நின்று நடுங்க
மழைநீரைப் பற்றிப் பேசினோம் இரண்டு நாள்.
கழுத்தட்டையில் என் பெயருக்கு ஓர் எல் குறைச்சல்.
வந்தால் பன்னிரண்டு புள்ளி.
வராவிட்டால் நகராண்மைக் கழகத்தில்
இன்னும் ஐந்தாண்டு உதவியாளர்தான்.

புவான் ரொஸ்மாவத்தி ஒரு கூரையைக் காட்டினார்,
பிறகு அதிலிருந்து விழும் அம்புக்குறிகளை.
"தண்ணீரை அவசரப்படுத்தாதீர்கள்," என்றார்.
குறித்துக்கொண்டோம்,
அடுத்த படம் வருவதற்குள்
அவசர அவசரமாக.

மேம்பாட்டு நிறுவனத்து ஊய் கெங் சூன்
கை தூக்கினார்:
"ஒரு குளத்துக்கு எத்தனை வீடு போகும்?"
யாரும் சிரிக்கவில்லை.
கரிபாப் வந்துவிட்டது.

மறுநாள் பேருந்தில்
லிந்தாங் தோட்டத்து இரண்டாம் டிவிஷன்.
செம்பனை நிழலில் இரண்டு இரும்பு வளையம்,
ஒன்றுக்குள் ஒன்று,
சுத்தியலால் அறைந்து இறக்கி
நீரூற்றி, கடிகாரம் அழுத்தினோம்.
மண் மூன்று நிமிடத்தில் குடித்துவிட்டு
இன்னும் இருக்கிறதா என்பதுபோல் கிடந்தது.
மண்வாரி ஓட்டும் சன்னாசி
சரிவுக்குக் குறுக்கே அடுக்கிய மட்டைகளைக் காட்டி
"இதும் பாடத்துல வருதா புவான்?" என்றான்.
அவர் பதில் சொல்லவில்லை.
நான்கு படம் எடுத்துக்கொண்டார்.

பெரிய வாய்க்காலைத் தாண்டினால்
தாமான் செரி லிந்தாங். நான் குடியிருக்கும் இடம்.
என் வீட்டு முகப்பும் சிமெண்டு,
கார் நிற்க, காலில் சேறு ஒட்டாமலிருக்க.
எதிரே மிச்சமிருந்த புல்லில் வளையத்தை அறைந்தபோது
ணங் என்றது.
பத்து நிமிடம். இருபது. நாற்பது.
ஊற்றிய நீர் ஊற்றியபடி
மேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றது.
சைக்கிளை நிறுத்திய சிறுவன் எட்டிப் பார்த்தான்:
"அக்கா, மீன் விடப் போறீங்களா?"

மாலையில் தேர்வு.
நான்காம் கேள்வி:
பதினோரு ஏக்கர், நூற்று முப்பத்திரண்டு வீடு,
வடிகால் சேருமிடம் கீழண்டை அடுக்குமாடி.
கட்டுமுன் எவ்வளவு, கட்டியபின் எவ்வளவு?

நூற்று முப்பத்திரண்டு.
எனக்குத் தெரிந்த எண்.
பெயரை அழித்துவிட்டு
எங்கள் கோப்பையே கேள்வியாக்கியிருக்கிறார்கள்.
வரைபடத்தின் வலது மூலையில்
நகலெடுத்து நகலெடுத்து மங்கிய சுருக்கொப்பம்,
என்னுடையது.

மும்மடங்கு என்று வந்தது விடை.
மீண்டும் அழுத்தினேன். மும்மடங்கேதான்.

போன நவம்பரில் சி பிளாக்கின்
மூன்றாம் படிவரை தண்ணீர்.
தங்கபுஷ்பம் தையல் இயந்திரத்தை
மேசைமேல் ஏற்றி, மேசையைக் கட்டிலில் ஏற்றி,
அதன் பக்கத்தில் தானும் ஏறி
விடியும்வரை உட்கார்ந்திருந்தாளாம்.
பார்வையிடப் போனவள் நான்.
அறிக்கையில் எழுதினேன்: அசாதாரண மழை.

சாதாரண மழைதான்.
கணக்கு இப்போதுதான் வருகிறது எனக்கு.

சான்றிதழிலும் அந்த எல் இல்லை.
திருத்தித் தரச் சொல்லவில்லை.
ஊய் கெங் சூன் கைகுலுக்கி
"புள்ளி ஏறிடுச்சா?" என்றார்.

திங்கட்கிழமை மேசையில் ஒரு கோப்பு.
தேக்கக் குளத்தைத் தூர்த்து
மண்டபத்துக்குக் கார் நிறுத்துமிடம்.
மேலே சிவப்பு மையில்: அவசரம்.

எங்கள் அலுவலகத்தில் ஊறப்போடத் தெரிந்தது
கோப்பு ஒன்றைத்தான்.
ஊறப்போட்டால்
அடுத்த மேசைக்குப் போய்விடும், அங்கே
ஒரு நிமிட வேலை.

நான்காம் கேள்வியின் விடைத்தாளை
நகலெடுத்து உள்ளே வைத்துத் தைத்தேன்.
'ஆட்சேபம்' என்று எழுதினேன்.
கீழே முழுப் பெயர், அமிர்தவல்லி,
எந்த எழுத்தும் குறையாமல்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.
சன்னலோரம் போய்ப் பார்த்தேன்.
சிமெண்டு லோங்காங்கில் நீர்
கீழண்டைக்கு ஓடிக்கொண்டிருந்தது,
அன்று நான் ஒப்பமிட்ட அதே வேகத்தில்.