ஒரு ரூபாய்

கிளம்பும்போது ஃப்ரீசரில், டம்ளர் பனிக்கட்டியின் மேல்
ஒரு ரூபாயை வைத்துவிட்டுப் போயிருந்தேன்.
பதினொரு நாள் கழித்து, ஹொரமாவு, இரவு பத்தரை.
பசி.
உள்ளே எல்லாம் கல்லாக இருக்கிறது:
கோலா உருண்டை, கொண்டைக்கடலை,
டேப்பில் என் கையெழுத்தில் தேதியோடு
நெத்திலிக் குழம்பு.
ஒன்றுமே நடக்காத மாதிரி.

ரூபாய் மட்டும் டம்ளரின் அடியில்.

செவ்வாய்க்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததாம்,
மறுநாள் சாயங்காலம்தான் கரண்ட் வந்ததாம்.
எதிர்வீட்டு நாகரத்னா, கன்னடமும் தமிழுமாக,
கதவை முழுதாகத் திறக்காமலே.

"நல்லா கொதிக்க விட்டா சரியாயிடும்."
போனில் இளம்பரிதி.
கொதித்தால் கிருமி சாகும்,
அது விட்டுப்போனது அப்படியே இருக்கும் என்கிறேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.
அந்தப் பக்கம் பேச்சில்லை.

ஏழு டப்பா.
மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று சமைத்தது.
உருகவிட்டால் வாசனை வரும், மனசு மாறும்.
உறைந்தபடியே தட்டுகிறேன்.
டப்பாவின் வடிவத்திலேயே விழுகிறது குழம்பு,
செங்கல்லாக.

டம்ளரில் புதுத் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று.
உறைவதற்கு நேரமாகும்.
ரூபாயைத் துடைத்து மேடைமேல் வைத்துவிட்டு
ரவை வறுக்கிறேன்.